காசில் காசு

எங்கள் ஆயாவின் காசுமாலையில் நாற்பது காசுகள். முப்பத்தொன்பது, லட்சுமி உருவம் குத்திய மெல்லிய தகடுகள். நடுவில் தொங்கியது மட்டும் அசல் பவுன் காசு. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. மறுபக்கம் குதிரைமேல் இருந்தபடி பறவைநாகத்தை வெட்டப்போகும் வீரன். அடியில் 1918 என்ற ஆண்டு. ஆயா பிறந்த ஊர் கச்சிராயபாளையம். கல்வராயன் மலையிலிருந்து தேனும் கடுக்காயும் புளியும் இறங்கிவரும் அடிவாரம். புளி வியாபாரத்தில் அப்பா சேர்த்த காசு அது என்று ஆயா சொல்லும்.

ஆண்டுக்குச் சற்று மேலே, குதிரை நிற்கும் தரையில், கூர்ந்து பார்த்தால் ஒரு சின்னக் கோடு தெரியும். கோடு அன்று, ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து. இந்தியா என்பதன் முதலெழுத்து. முதல் உலகப்போர்க் காலத்தில் லண்டனிலிருந்து தங்கக் காசு கொண்டுவருவது கடினமானபோது, பம்பாயிலேயே பிரிட்டிஷ் சவரனை அடித்தார்கள். 1918 என்ற ஆண்டு பொறித்து மட்டுமே அப்படி அடித்தார்கள். சேகரிப்போர் தேடும் காசு அது.

சில ஆண்டுகளுக்கு முன் அதைச் சென்னையில் பழங்காசு வியாபாரி ஒருவரிடம் காட்டினேன். லென்சை வைத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “நல்ல காசுதாங்க. ஆனா இப்ப இது காசா இல்ல, நகையாயிடுச்சு.” மேல் விளிம்பில் ஆசாரி பற்றவைத்த வளையத்தைத்தான் அவர் சொன்னார். அதோடு, அதற்கு ஒரு வருடம் முன்பு எங்கள் பக்கத்து நகைக்கடை ஒன்றில் மாலையைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தோம். திராவகத்தில் முக்கி, மெருகு ஏற்றி, கண்ணைப் பறிக்கும்படி திருப்பிக் கொடுத்தார்கள். அரசரின் தாடிக் கோடுகள் மழுங்கிப்போயிருந்தன. நூறு ஆண்டுகளாக மெல்லப் படிந்த செம்பொன் நிறம் ஒரு பிற்பகலில் போய்விட்டது. ஆயா பூந்திக்கொட்டைத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் அதன்மேல் பட விட்டதில்லை.

காசா, நகையா? வியாபாரி சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் என்னை ‘காசு’ என்ற சொல்லுக்குப் பின்னால் போகவைத்தது. போன இடம், அவர் சொன்னதற்கு நேர் எதிர்த் திசை.

சங்கப் பாடல்களில் காசு பொன்னால் ஆனது. ஆனால் அது கடைக்குப் போவதில்லை, கழுத்துக்கும் இடுப்புக்கும் போகிறது. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு கிளியைக் காட்டுகிறார். அதன் வளைந்த அலகில் பழுத்த வேப்பம்பழம். புதுக் கயிற்றில் கோப்பதற்காகக் கூர்நகத்தால் பற்றியிருக்கும் பொன் நகையின் ஒரு காசுபோல் அந்தப் பழம் தெரிகிறதாம். நற்றிணையில் மான் உரசிய குமிழ மரத்திலிருந்து உதிரும் பழங்களும் பொற்காசாகவே தெரிகின்றன. வேப்பம்பழம் தட்டையானதன்று, உருண்டு சற்றே நீண்டது. குமிழம்பழமும் அப்படியே. ஆக, அந்தப் புலவர்களின் கண்ணில் இருந்த காசு நாம் இன்று சட்டைப்பையில் போடும் வட்டத் தகடு அன்று. அது துளையிட்டுக் கோக்கும் பொன்மணி. மகளிர் இடையில் அணிந்த மேகலை மணிக்கும் காசு என்றே பெயர்.

வடமொழியில் ‘கர்ஷம்’ என்றோர் எடைப்பெயர் உண்டு. அதிலிருந்து காசு வந்தது என்று அகராதி எழுதியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். எடையின் பெயர் நாணயத்தின் பெயராவது உலகெங்கும் நடந்ததுதான். பவுனுக்கும் அதுவே கதை. ஆனால் தமிழில் முதலில் கிடைக்கும் பொருள் எடையும் அன்று, நாணயமும் அன்று, கோக்கும் மணி. அதனால் என் மனம் மணியின் பக்கமே சாய்கிறது. இலக்கணக்காரர்களும் இந்தச் சொல்லைத் தங்கள் பங்குக்கு எடுத்துக்கொண்டார்கள். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும். மாலையின் நுனியில் முடிச்சுக்கு முன் நிற்கும் மணிபோல் ஒவ்வொரு குறளின் முடிவிலும் இந்த நால்வரில் ஒருவர் நிற்கிறார்.

கோக்கும் மணி எப்போது கொடுத்து வாங்கும் நாணயமானது? இதற்கு விடை தேட நான் ஊரைவிட்டு வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. 2019 நவம்பரில் எங்கள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூரும் எங்களோடு வந்தது. தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அந்த ஊர்தான் மலையமான்களின் கோவலூர். கபிலர் பாடிய காரி ஆண்ட இடம். பெண்ணை மணலில் கிடைத்த சின்னச் செப்புக் காசுகளை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி பல ஆண்டுகள் தேடிச் சேர்த்து, அவை மலையமான்கள் வெளியிட்டவை என்று எழுதினார். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் மலையும் ஆறும். காரி என்பது மன்னனின் பெயர் மட்டுமன்று, அவன் குதிரையின் பெயரும்கூட. தன் குதிரையையும் தன் மலையையும் தன் ஆற்றையும் விரல்நுனி அளவு செம்பில் அடக்கிய ஒரு குறுநில மன்னன் எங்கள் மாவட்டத்தில் இருந்தான் என்பதை நினைத்தால், அந்தத் தேய்ந்த செப்பு எனக்கு எந்தப் பொன்னுக்கும் குறைந்ததாகத் தோன்றவில்லை.

பொன் வேறு வழியில் வந்தது. அதே திருக்கோவிலூரில் 1990களில் ரோமானியப் பொற்காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. யவனர் கப்பலில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பாடுகிறது. அந்தப் பொன்னில் ஒரு பகுதி கடற்கரையோடு நிற்காமல் பெண்ணையாற்றின் கரை பிடித்து உள்நாடு வந்திருக்கிறது. அகஸ்டஸ் காலத்துப் பொற்காசின் எடை ஏறத்தாழ ஏழே முக்கால் கிராம். நம் கடைத்தெருக் கணக்கில் ஒரு பவுனுக்கு மயிரிழை குறைவு. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு பேரரசுகளின் பொற்காசுகள் ஏறக்குறைய ஒரே எடையில் ஒரே ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது எனக்கு ஆறாத வியப்பு.

அந்த ரோமானியக் காசுகளைத் தமிழர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் சொல்லின் திருப்பம் இருக்கிறது. புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் மேல், பேரரசரின் முகத்தின் குறுக்கே, உளி வெட்டு. இனி இது நாணயமாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே எடை போடப்படும் என்று அறிவிக்க வெட்டினார்கள் என்பது ஒரு கருத்து. தென்னாட்டில் கிடைத்த வேறு சில ரோமானியக் காசுகளில் பேரரசரின் தலைக்கு மேலே இரட்டைத் துளை இருக்கிறது. அது கோப்பதற்கான துளை. வெளியூரிலிருந்து நாணயமாக வந்ததை நம் பெண்கள் கழுத்துக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கு இருந்த பெயர் நாணயத்துக்கும் ஆனது அந்தக் கயிற்றின் வழியாகத்தான் என்று நான் நினைக்கிறேன். கழுத்தில் கோத்ததெல்லாம் காசு. அதனால் கோக்கப்பட்ட நாணயமும் காசு. இது என் ஊகம். ஆனால் காசுமாலை என்ற ஒரே சொல் இன்றும் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

சோழர் காலத்துக்கு வந்தால் காசு முழு நாணயமாகிவிடுகிறது, அடைமொழிகள் சேர்ந்துகொள்கின்றன. இந்தப் பகுதிதான் சேகரிப்பவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நாணயத்தின் தரத்தைச் சொல்லத் தமிழில் சொல் இல்லை, எல்லாம் மேல்நாட்டு ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். கல்வெட்டுகளைப் படித்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. அன்றாடு நற்காசு: அன்றைய வழக்கில் செல்லும் நல்ல காசு. பழங்காசு: முந்தைய ஆட்சியில் அடித்தது. தீப்போக்குச் செம்பொன்: நெருப்பில் இட்டுச் சோதித்த பொன். துளைநிறை பொன்: துளையிட்டு உள்ளேயும் பொன்தானா என்று பார்த்து, நிறுத்தும் பார்த்தது. தண்டவாணி: அரசு வைத்திருந்த மாதிரிப் பொன்; அதற்கு எத்தனை மாற்றுக் குறைவு என்று கணக்கெழுதினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கே ஆடவல்லான் என்று பெயர். நடராசரின் பெயர் வைத்த கல்லைத் தட்டில் வைத்துவிட்டுப் பொய் எடை போட யாருக்குக் கை வரும்? அந்தக் கோயிலைக் கட்டிய ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண், திருக்கோவிலூர்க்காரர் என்பதை எங்கள் பக்கத்தார் மறப்பதில்லை.

அதற்கும் முன்னே, சங்கப் புலவர்களிலேயே காசு நோட்டம் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் என்ற பெயர்களைப் பாருங்கள். வண்ணக்கன் என்றால் நாணயம் சோதிப்பவன். பொன்னை உரைத்துப் பார்த்த கண்ணோடு அவர்கள் பாட்டும் எழுதினார்கள்.

இந்தத் தரச்சொற்களில் உயிரோட்டமான ஒன்று ‘வாசி’. ஒரு காசு மாற்றுக் குறைந்தால் அதை மாற்றும்போது கழித்துக்கொள்ளும் வித்தியாசத்துக்கு வாசி என்று பெயர். சேக்கிழார் சொல்லும் திருவீழிமிழலைக் கதை இதைச் சுற்றித்தான் நடக்கிறது. பஞ்ச காலம். அப்பருக்கும் சம்பந்தருக்கும் அடியார்க்கு அமுது படைக்க இறைவன் நாள்தோறும் பீடத்தில் ஆளுக்கொரு பொற்காசு வைக்கிறார். படிக்காசு என்று அதற்குப் பெயர். அப்பர் மடத்தில் நேரத்தோடு சமையல் முடிகிறது. சம்பந்தர் மடத்தில் தாமதமாகிறது. விசாரித்தால், சம்பந்தருக்குக் கிடைத்த காசைக் கடைக்காரர்கள் வாசி கேட்டுத்தான் மாற்றுகிறார்கள் என்று தெரிகிறது. வாசி இல்லாத காசு தரவேண்டும் என்று சம்பந்தர் பாடுகிறார். மறுநாளிலிருந்து நல்ல காசு வருகிறது. இறைவனே கொடுத்தாலும் காசைக் கடைக்காரன் உரைத்துத்தான் வாங்குவான் என்பதை இத்தனை இயல்பாகச் சொல்லும் பக்திக் கதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

அகராதியில் ‘காசு’ என்பதற்கு நேரே இன்னொரு பொருளும் இருக்கிறது: குற்றம். முதலில் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். இல்லை. கம்பர் தம் அவையடக்கத்தில் இராமனின் கொற்றத்தைக் ‘காசில்’ என்ற அடையோடு சொல்கிறார். குற்றமற்ற என்று பொருள். ஒரே ஒலியில் செல்வமும் குறையும். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவையா, வேறு வேறு இடங்களிலிருந்து வந்து ஒரே உருவில் சந்தித்தவையா என்பது அறிஞர் ஆராயட்டும். சேகரிப்பவனுக்கு இந்தச் சந்திப்பே போதும். குறையில்லாத காசைத் தேடித்தான் நாங்கள் அலைகிறோம். எங்கள் தேடலின் பெயர் கம்பர் கொடுத்த அடைமொழியிலேயே இருக்கிறது: காசில் காசு.

பிறகு இந்தச் சொல் கப்பல் ஏறியது. போர்ச்சுக்கீசியர் காசைக் ‘கைஷா’ என்று எழுதினார்கள். மலாக்காவிலும் சீனத்திலும் கண்ட சின்னக் காசுகளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். ஆங்கிலேயர் வாயில் அது ‘கேஷ்’ ஆனது. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் வேறு. அது பெட்டி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு கேஷும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிட்டதால் வங்கியில் நாம் சொல்லும் கேஷ் தமிழ்ச்சொல் என்று மேடையில் பேசுகிறார்கள், அது சரியன்று. தமிழ்க்காசு இருப்பது பழைய சென்னைக் கம்பெனிக் கணக்கில்: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818இல் ரூபாய் வந்து, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்குத் தீர்த்தார்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம் என்ற வாய்பாடு சுதந்திரம் வரைக்கும் இருந்தது.

இந்தக் கணக்கில் ஒரு வருத்தம் எனக்கு உண்டு. கோக்கும் பொன்மணியாகத் தொடங்கிய சொல், செம்பின் மிகச் சிறிய துண்டுக்குப் பெயராக இறங்கிவிட்டது. பொன்னுக்குப் புதுப் பெயர்கள் வந்தன. பன்றி முத்திரையிலிருந்து வந்த பெயர் வராகன். மூன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. பிறகு ஆங்கிலேயரின் சவரனும் பவுனும். பவுண்டு என்ற எடையின் பெயர்தான் பவுன். 1817இல் லண்டனில் அடிக்கத் தொடங்கிய புதிய சவரன் 7.988 கிராம், இருபத்திரண்டு காரட். அந்தக் காசு நம் கடைத்தெருவை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்டது. எடை மட்டும் எட்டு கிராம் என்று முழுமையாக்கப்பட்டு நின்றுவிட்டது. கள்ளக்குறிச்சியில் பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்று கேட்பவர் யாரும் லண்டனை நினைப்பதில்லை.

ஆயாவின் அப்பா புளி விற்ற நாளில், கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் இறங்கிவந்து விற்றதும் வாங்கியதும் பெரும்பாலும் பண்டத்துக்குப் பண்டம். பொன்னைக் கண்ட கை குறைவு. அப்படிக் கண்ட கை அதை உருக்காமல் அப்படியே கோத்து வைத்தது. பழங்காசுகள் நம்மிடம் மிஞ்சியதற்கு முக்கியக் காரணம் அரண்மனைக் கருவூலங்கள் அல்ல. காசுமாலைகளும் கோயில் அறக்கொடைகளும் மண்ணுக்கடியில் பதுக்கிய குடங்களும்தான். உத்தம சோழனின் பொற்காசை இன்று நாம் அறிவது பழங்காசு சேகரித்த வால்டர் எலியட் வரைந்து விட்டுச்சென்ற ஒரு படத்தின் வழியாக மட்டுமே. அந்தக் காசை எவரேனும் ஒரு மாலையில் கோத்து வைத்திருந்தால் இன்று விளிம்பில் ஒரு துளையோடாவது இருந்திருக்கும்.

மேல்நாட்டில் காசின் தரத்தை ஒன்றிலிருந்து எழுபது வரை எண்ணால் சொல்கிறார்கள். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல், தம் நாட்டின் பழைய செப்புக் காசுகளுக்காக வகுத்த அளவு அது. மிக மோசமான நிலையில் ஒரு டாலர் பெறும் காசு மிகச் சிறந்த நிலையில் எழுபது டாலர் பெறும் என்ற அக்கால விலைக் கணக்கிலிருந்து வந்தது அந்த எழுபது. இன்று நம் ஊர் வராகனும் பணமும்கூட அந்த எண்ணோடு பிளாஸ்டிக் பெட்டியில் அடைபட்டு ஏலத்துக்கு வருகின்றன. அறுபதோ அதற்கு மேலோ என்றால் புழக்கத்தில் தேயாதது. வளையம் பற்றவைத்த தடம் இருந்தால் எண்ணே கிடையாது; ‘நகையிலிருந்து எடுத்தது’ என்று ஒரு வரி மட்டும் எழுதுகிறார்கள். வராகனைப் பார்க்கும்போது இந்த அளவு தடுமாறுகிறது. அச்சைவிடத் தகடு சின்னதாக இருந்ததால் உருவத்தில் பாதி வெளியே போய்விட்ட வராகன்கள் ஏராளம். தேயாமலே பாதி உருவம் இல்லாத காசுக்கு என்ன எண் கொடுப்பது? நான் பார்ப்பது மூன்றைத்தான்: உருவம் எவ்வளவு தகட்டுக்குள் விழுந்திருக்கிறது, தொட்டுத் தேய்த்த பளபளப்பு உண்டா, எடை சரியா. இரண்டாவதில் தோற்றால் மற்ற இரண்டும் என்னை ஈர்ப்பதில்லை.

கையில் பழம்பொற்காசு வைத்திருப்பவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: தேய்க்காதீர்கள். சாம்பல் வேண்டாம், பற்பசை வேண்டாம், கடையில் கொடுத்து மெருகு ஏற்ற வேண்டாம். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். முகத்தில் விரல் வைக்காதீர்கள். தங்கம் துருப்பிடிக்காது என்பதால் எதுவும் ஆகாது என்று நினைக்கிறார்கள். தங்கம் மெத்தென்றது, ஒரு துணியின் நூலே அதில் கோடு போடும். நூறு ஆண்டு தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நிலத்தில் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏர் முனையில் குடம் தட்டுப்பட்டால் ஆசாரியிடம் ஓடுவதைவிட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவதே அந்தக் காசுகள் உயிரோடிருக்க வழி. உருக்கியபின் எந்த அரசன், எந்த நூற்றாண்டு என்பதைப் பொன் ஒருபோதும் சொல்லாது.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஆயாவின் மாலையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வளையத்தை வெட்டி எடுத்து, தடத்தை ராவி, காசாகத் திருப்பித் தருகிறேன் என்று ஓர் ஆசாரி சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அப்படிச் செய்தாலும் நுண்காட்டியில் தடம் தெரியும்; அது கிடக்கட்டும். அந்த வளையம் ஏறியபோது அந்தக் காசு தன் பழைய பெயருக்குத் திரும்பியிருந்தது. அதைக் குறை என்று எழுதுகிற ஏட்டில் என் ஆயாவின் காசுக்கு இடம் வேண்டாம். திராவகம் பட்ட குறை மட்டும்தான் எனக்கு ஆறவில்லை.

லென்சை இன்னும் அருகே கொண்டுபோனேன். அரசரின் முடி மழுங்கிவிட்டது. குதிரையின் பிடரி மழுங்கிவிட்டது. தரையில், 1918க்கு மேலே, அந்த ஒற்றை எழுத்து மட்டும் அச்சில் விழுந்த அன்று இருந்ததுபோல் கூர்மையாக நின்றிருந்தது.